கேட்டுவிட்டுக் காத்திருத்தல்

ஜூன் 12, திங்கள்

ஜெபக்கனி மேடம் சொல்லித்தான் இந்த நோட்டை வாங்கினேன். எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டில் ஆட்களைப் பேச வைத்து ஆய்வு செய்யப் போவது நான் ஒருத்திதான். மற்ற எல்லோரும் எண்களை வைத்துச் செய்கிறார்கள். என் அறைத்தோழி ரிஸ்வானாவுக்குச் சர்க்கரை நோயாளிகளின் கால் பராமரிப்பு. கேள்வித்தாளில் டிக் அடித்தால் போதும், மிச்சத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்.

"உன் ஆய்வுல நீதாம்மா கருவி. பி.பி. பாக்குற மெஷினைச் சரியா இருக்கான்னு பாக்குறோம்ல? அது மாதிரி உன்னை நீ பாத்துக்கிட்டே இருக்கணும். தினமும் எழுது. யாருக்கும் காட்ட வேண்டாம்" என்றார் மேடம்.

என் தலைப்பு: குழந்தை இறந்து பிறந்த பெற்றோரின் அனுபவங்கள். எதிக்ஸ் கமிட்டி போன வாரம் ஒப்புதல் கொடுத்துவிட்டது. இந்தத் தலைப்பை ஏன் எடுத்தாய் என்று கமிட்டியில் ஒரு டாக்டர் கேட்டார். நம் மாவட்டத்தில் இதைப் பற்றி ஆய்வுகள் குறைவு என்றேன். அது உண்மை. தேடிப் பார்த்திருக்கிறேன்.

ஹாஸ்டலில் தண்ணீர்த் தொட்டி கழுவுகிறார்கள். நாளைக்குத்தான் குளிக்க முடியும்.

ஜூன் 15, வியாழன்

இன்றைய வகுப்பில் பிராக்கெட்டிங். பேட்டிக்குப் போகும் முன், அந்த விஷயத்தில் நமக்கு ஏற்கெனவே இருக்கிற அனுபவம், கருத்து, பயம் எல்லாவற்றையும் எழுதி, ஒரு அடைப்புக்குறிக்குள் போட்டு ஒதுக்கி வைக்க வேண்டும். இல்லையென்றால் அவர்கள் சொல்வதை விட்டுவிட்டு நாம் கேட்க விரும்புவதையே கேட்டுக்கொண்டிருப்போம்.

ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொன்னார். எழுதினேன்: 'படிக்க வருவதற்கு முன் பிரசவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். இப்படிப்பட்ட பிரசவங்களைப் பார்த்திருக்கிறேன்.'

மேடம் தாளின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவுதானா சக்தி?"

"இவ்வளவுதான் மேடம்."

ஜூன் 28, புதன்

முதல் பேட்டி. சுகாதார நிலையத்து நர்ஸ் கூட்டிக்கொண்டு போய் அறிமுகம் செய்துவிட்டுக் கிளம்பிவிட்டார். பெயர்களை எழுதக் கூடாது. முதல் தாய் என்றே எழுதுகிறேன். பீடி சுற்றுகிறார். வயது இருபத்து மூன்று. போன மார்கழியில் குழந்தை இறந்தது.

ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டினேன். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம், காரணம் சொல்ல வேண்டாம் என்றேன். தலையாட்டிக்கொண்டே இலையை வெட்டினார். பேசும்போதும் கை நிற்கவில்லை. தூளை வைத்துச் சுருட்டி, நூலைக் கட்டி, தட்டில் போட்டுக்கொண்டே இருந்தார்.

"பிள்ள இல்லன்னு பாலுக்குத் தெரியுமா சிஸ்டர்? அது பாட்டுக்குச் சுரந்துட்டு இருந்துச்சி. வீட்டுக்கு வந்த மூணாம் நாளு ரவிக்கையெல்லாம் நனஞ்சிட்டு. எங்க அம்மா மல்லியப்பூவ வச்சிக் கட்டுனாவ. அன்னைலேருந்து நான் பூ வைக்கதில்ல."

மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்பது இங்கே வழக்கம். கட்டிய சூட்டில் பூ பழுத்துவிடும். அந்த வாடை குளித்தாலும் போகாது. வலி அக்குள் வரைக்கும் இழுக்கும். இதெல்லாம் பாடப் புத்தகத்தில் இல்லை. எங்கேயோ கேள்விப்பட்டது.

முடிந்ததும் கேட்டார், "ஒங்களுக்குப் பிள்ளைய இருக்கா சிஸ்டர்?"

"இல்ல" என்றேன்.

பஸ் நிறுத்தத்தில் பூக்காரி உட்கார்ந்திருந்தாள். நிழல் இல்லை என்றாலும் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றேன்.

ஜூலை 8, சனி

பேட்டியை வார்த்தை வார்த்தையாக எழுதி முடித்தேன். இருமல், பெருமூச்சு, பேசாமல் இருந்த நேரம் எல்லாவற்றையும் குறிக்க வேண்டுமாம். ரிஸ்வானா எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, பேசாம இருந்ததையுமா எழுதுவாங்க?" என்று சிரித்தாள்.

நயினார் போன் செய்தார். என் கணவர். அம்பாசமுத்திரத்தில் மின்வாரியத்தில் வயர்மேனாக இருக்கிறார். நான் இங்கே ஹாஸ்டலில் சேர்ந்ததிலிருந்து மாதம் ஒருமுறை ஊருக்குப் போய் வருகிறேன்.

"வெள்ளிக்கிழம வாரியா? நான் லீவு சொல்லிட்டேன்."

"டேட்டா கலெக்‌ஷன் இருக்குங்க."

"சரி. சாப்பிட்டியா?" என்றார்.

சாப்பிட்டேன் என்றேன். தோசை.

ஜூலை 14, வெள்ளி

எழுதுவதற்கு எதுவும் இல்லை. துணி துவைத்தேன். போர்வையையும் துவைத்தேன்.

ஜூலை 23, ஞாயிறு

இரண்டாம் தாயின் பேட்டி. தனியார் பள்ளியில் ஆசிரியை. தெளிவாகப் பேசுகிறவர். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கணவரைக் கடைக்கு அனுப்பிவிட்டு எனக்காகக் காத்திருந்தார். நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்துவிட்டது. நல்ல தகவல்கள் கிடைத்தன.

வாசல்வரைக்கும் வந்தவர் ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ஆகஸ்ட் 2, புதன்

மேடம் கூப்பிட்டார். இரண்டாம் தாயின் ஒலிப்பதிவைக் கேட்டிருக்கிறார். உட்காரச் சொல்லிவிட்டு ஒரு இடத்தைப் போட்டார்.

அவர் குரல்: "ட்ரேல வச்சு எடுத்துட்டுப் போறாங்க. துணி போட்டு மூடியிருக்கு. நான் தலையத் தூக்கிப் பாக்குறேன். மொகத்த மட்டும் ஒரு தடவ..."

என் குரல்: "கர்ப்பமா இருக்கும்போது இரும்புச்சத்து மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டீங்களா?"

பிறகு ஒரு மௌனம். அதன்பின் அவர் குரல், வேறு யாரோ பேசுவது போல: "ம். சாப்பிட்டேன்."

மேடம் நிறுத்தினார். "இங்க என்ன ஆச்சு?"

"கேள்வி வரிசையில அடுத்தது அதுதான் மேடம்."

"வரிசையில அது இல்ல. உன் கேள்விப்பட்டியல்ல மாத்திரையே இல்ல."

மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே நீல நிறத்தில் ஒரு பூ.

"சக்தி, உனக்கு நடந்திருக்கா?"

ஆமாம் என்றேன்.

இதை இங்கே எழுதிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன், ஜூலை பதினான்காம் தேதி. பெண் குழந்தை. மாதம் நிறைந்து, அடுத்த வாரம் பிறக்க வேண்டியவள். நான் வேலை பார்த்த அதே வார்டு. முந்தின நாளிலிருந்து அசைவு இல்லை என்று போனேன். என்னோடு டியூட்டி பார்த்தவள்தான் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கிற டாப்ளரை வைத்தாள். ஜெல்லைத் தடவி வைத்துப் பார்த்தாள். மறுபடியும் ஜெல் எடுத்தாள். இன்னொரு தடவையும் எடுத்தாள். எத்தனையோ பேருக்கு நானும் அப்படி மறுபடி மறுபடி ஜெல் தடவியிருக்கிறேன். அவள் வாயைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

மேடம் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. கோபமாகத்தான் இருந்தார். "இத நீ முதல்லயே சொல்லியிருக்கணும். உனக்காகச் சொல்லல. அந்த டீச்சரம்மா வாயத் திறந்தாங்க, நீ மூடிட்ட. அவங்க யார்கிட்டப் போவாங்க?" கமிட்டிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அவர்கள் வேண்டாம் என்றால் தலைப்பையே மாற்ற வேண்டியிருக்கும் என்றார். மாற்றினால் இந்த வருடம் பரீட்சை எழுத முடியாது.

கமிட்டி பதில் சொல்லும்வரை பேட்டி எதுவும் எடுக்கக் கூடாது. அதற்கு முன் இன்னொன்றும் செய்யச் சொன்னார். என் கேள்விகளை வைத்து யாராவது என்னைப் பேட்டி எடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 5, சனி

ரிஸ்வானாவைத்தான் கேட்டேன். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எனக்கு இதெல்லாம் வராதுக்கா. நான் டிக் அடிக்கிற ஆளு" என்றாள். அதனால்தான் உன்னைக் கேட்கிறேன் என்றேன்.

மத்தியானம் மொட்டை மாடியில், காயப்போட்ட துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்தோம். பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி, தாளைப் பார்த்துக் கேள்விகளை வாசித்தாள். அந்த நாளைப் பற்றிச் சொல்லுங்கள். சொன்னேன். வலி வர மருந்து ஏற்றியதையும், பிரசவம் முடிந்தபின் அறையில் அழுகைச் சத்தம் இல்லாததால் சுவரில் கடிகாரம் ஓடுவது கேட்டதையும் சொன்னேன்.

"குழந்தையைப் பார்த்தீர்களா?" என்று வாசித்தாள்.

"இல்ல. எங்க மாமியார் வேண்டாம்னாங்க. பாத்தா மறக்காது, அடுத்த பிள்ளைக்கும் ஆகாதுன்னாங்க. நானும் சுவர்ப் பக்கமாத் திரும்பிக்கிட்டேன்."

"குடும்பத்தில் வேறு யாராவது பார்த்தார்களா?"

"அவருதான் கொண்டு போனாரு. நயினார்."

"அவர் என்ன சொன்னார்?"

கொடியிலிருந்து ஒரு துணியை எடுத்து மடித்தேன். ரிஸ்வானா அடுத்த கேள்விக்குப் போகத் தெரியாமல் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் யாருடைய துப்பட்டாவோ காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

"நான் கேட்டதே இல்ல" என்றேன்.

"ரெண்டு வருஷமாவா?"

அது கேள்வித்தாளில் இல்லாத கேள்வி.

ஆகஸ்ட் 11, வெள்ளி

கமிட்டி பதில் கொடுத்துவிட்டது. தொடரலாம். ஒவ்வொரு பேட்டிக்கும் பிறகு மேடத்தோடு உட்கார்ந்து பேச வேண்டும். என்னால் முடியவில்லை என்றால் உடனே நிறுத்த வேண்டும். இன்னொரு மாற்றமும்: தலைப்பில் பெற்றோர் என்று இருக்கிறது, பட்டியலில் தாய்மார்கள் மட்டும் இருக்கிறார்கள், தகப்பன்மார் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். சரியான கேள்வி. எனக்கு ஏன் தோன்றவில்லை என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சாயந்திரம் இரண்டாம் தாயின் வீட்டுக்குப் போனேன். அன்று நான்தான் உங்களைப் பேச விடாமல் செய்துவிட்டேன், உங்களுக்கு விருப்பம் இருந்தால் மறுபடி கேட்க வந்திருக்கிறேன் என்றேன். மேசையில் விடைத்தாள்கள் குவிந்திருந்தன. சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

"உங்களுக்கு அதைக் கேக்க முடியலன்னு அன்னிக்கே தெரிஞ்சுது மிஸ். உங்க மொகம் அப்படி ஆயிட்டு. நான் ஒன்னும் தப்பா நெனைக்கல." விடைத்தாள்களை நேராக அடுக்கினார். "ஆனா அன்னிக்கு எப்படியோ பேச வாய் வந்துச்சு. காலையிலேருந்து மனசத் தேத்தி வச்சிருந்தேன். இப்ப இல்ல."

"பரவால்ல. எப்ப வேணும்னாலும்..."

"என்னைய அந்த லிஸ்ட்லேருந்து எடுத்துருங்களேன்."

எடுத்துவிடுகிறேன் என்றேன். காரணம் கேட்கக் கூடாது என்பது நான் வாசித்துக் காட்டிய விதிதான். காப்பி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். அவர் சொன்னது, நான் கேட்டது எல்லாவற்றையும் ஆய்விலிருந்து அழித்தேன். அழிக்கும்போது அந்த மௌனத்தை மட்டும் ஒருமுறை கேட்டேன். எல்லோரும் சொல்வார்கள், பேட்டியில் தப்பு செய்தால் திரும்பப் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று. சில வீடுகளுக்கு அப்படிப் போக முடியாது.

ஆகஸ்ட் 19, சனி

தகப்பன்மாரில் முதலாமவர். லோடு வேன் ஓட்டுகிறார், வாழைத்தார் ஏற்றுவார். பேட்டிக்கு ஒத்துக்கொண்டவர் அவர் மனைவிதான். மனைவி பேசி முடித்ததும் வாசலில் வேனைத் துடைத்துக்கொண்டிருந்த கணவரிடம், உங்களிடமும் கேட்கலாமா என்றேன். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எங்கிட்டயா? எங்கிட்ட என்ன இருக்கு? வலி பட்டவ அவ."

ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். முன்பு என்றால் சரி அண்ணாச்சி என்று கிளம்பியிருப்பேன். வேனின் படியில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கழித்துத்தான் பேசினார்.

"குழிய நானும் எம் மச்சானும்தான் தோண்டுனோம். சின்னக் குழிதான, வெரசா முடிஞ்சிரும்னு நெனைச்சோம். முடியல, சிஸ்டர். கை ஓடல. மண்ண மொகத்தத் திருப்பிக்கிட்டுத்தான் போடணும்னாவ. நான் திருப்பல. அவனப் பாக்க வந்த ஒரே ஆளு நாந்தான? நானும் திருப்பிக்கிட்டா எப்படி?"

துண்டால் முகத்தைத் துடைத்தார். "வீட்டுக்கு வந்தா இவ மொகத்தப் பாக்க முடியல. இவ கேட்டா என்னத்தச் சொல்லன்னு பயந்து, ராமேஸ்வரம், ஓசூர்னு தூரத்து லோடா எடுத்துட்டு ஓடுனேன். இவ என்னடான்னா எனக்குக் கவலையே இல்லன்னு நெனைச்சிக்கிட்டா."

உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றிருந்தது. அவர் மனைவி கதவுப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

"இத யாருகிட்டயும் சொன்னதில்லையா?"

"யாரு கேட்டா?"

நான் அழவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. மேடத்திடம் போனில் சொன்னேன். "வீட்டுக்குப் போய்ட்டு வா" என்றார். ஆய்வுக்காகச் சொன்னாரா எனக்காகச் சொன்னாரா என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

நேற்று மத்தியானமே அம்பாசமுத்திரம் வந்துவிட்டேன். சொல்லாமல் வந்ததில் நயினாருக்கு ஒரு பதற்றம். உடம்புக்கு என்ன என்று மூன்று தடவை கேட்டார். வீடு சுத்தமாக இருந்தது. அவர் மட்டும் இளைத்திருந்தார்.

இன்று காலை சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரிக்க உட்கார்ந்தோம். அவரும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். பஸ்ஸில் வரும்போதே எப்படித் தொடங்குவது என்று யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது.

"பிள்ளைய நீங்க பாத்தீங்களா?" என்றேன்.

அவர் கை நின்றது. எந்தப் பிள்ளை என்று கேட்கவில்லை.

என்னென்னவோ சொல்லத் தோன்றியது. வேண்டாம் என்றால் விடுங்கள் என்று சொல்லத் தோன்றியது. அடுப்பில் பருப்பு வெந்துவிட்டதா என்று எழுந்து பார்க்கத் தோன்றியது. எழவில்லை. தெருவில் தண்ணீர் கேன் வண்டி ஒன்று மணியடித்துக்கொண்டு போய், திரும்பியும் வந்தது.

"பச்சத் துணில சுத்திக் குடுத்தாவ" என்றார். "எங்க மாமா கூட வந்தாவ. எங்கிட்டக் குடு, நீ பாக்காண்டாம்னாவ. நான் குடுக்கல. வேன்ல மடில வச்சிருந்தேன். பாலம் தாண்டுனதும் துணிய வெலக்கிப் பாத்தேன்."

வெங்காயத்தை உரிக்காமல் விரல்களுக்குள் உருட்டிக்கொண்டிருந்தார்.

"தூங்குத மாதிரிதான் இருந்தா. முடி நெறைய. நெத்தி ஒனக்கு இருக்க மாதிரி, மேடா. காது எங்க அம்மைக்கு மாதிரி, மேல மடிஞ்சி. கைய விரிச்சுப் பாத்தேன். நகம் வளந்திருந்துச்சி சக்தி. நல்லா வளந்திருந்துச்சி. கீறிக்கிடுவாளே, வெட்டணுமேன்னு நெனைச்சேன். அந்த நேரத்துல பாரு, அப்படித்தான் நெனைச்சேன்."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. இந்த மனிதர் அழுது நான் பார்த்தது இல்லை. ஆஸ்பத்திரியில்கூட, பில் கட்டவும் வண்டி பிடிக்கவும் ஓடிக்கொண்டிருந்தவர். இவருக்கு இது பெரிதாகப் படவில்லை போல என்று அப்போது நினைத்தேன். இரண்டு வருடமும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். அதை மனதில் வைத்துக்கொண்டுதான் பெட்டியைக் கட்டிக்கொண்டு படிக்கப் போனேன். இதுவரை இதை இந்த நோட்டில்கூட எழுதியதில்லை.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் கண்ணிலும் நீர் வந்தது.

"ஏன் சொல்லல?"

"சொல்லாதன்னாவ. சொன்னா நீ தேற மாட்டேன்னாவ. அப்புறம் நீயும் கேக்கல. கேக்காதவகிட்ட எப்படிச் சொல்ல?"

அது சரிதான். எங்கே என்று கேட்டேன். ஆற்றுக்குப் போகிற வழியில், மருதமரத்துக்குப் பக்கத்தில் என்றார். அந்தப் பக்கம் லைன் வேலை வந்தால் இவரே கேட்டு வாங்கிக்கொண்டு போவாராம். போன ஜூலையும் போயிருக்கிறார், இந்த ஜூலையும் தனியாகப் போயிருக்கிறார். அன்றைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போகத்தான் லீவு சொல்லியிருக்கிறார்.

இன்று சாயந்திரம் போகலாமா என்றேன். சரி என்றார்.

பருப்பு அடிப்பிடித்துவிட்டது. எழுந்து அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். அவர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

"நான் அவள வச்சிருந்தது ஒரு வேன் தூரம்தான். ஓங்கூட அத்தன மாசம் இருந்தா. எப்படி இருந்தா சக்தி? நீயும் ஒன்னும் சொல்லலையே."

இந்தக் கேள்வியை என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. என் கேள்விப்பட்டியலிலும் இது இல்லை.

சொன்னேன். காலையில் டீ குடித்ததும் விலாவுக்குக் கீழே இடது பக்கமாக முட்டுவாள். பஸ் வேகத்தடையில் ஏறி இறங்கினால் விக்கல் எடுப்பாள், என் வயிறு குதிக்கும். நைட் டியூட்டி என்றால் அவளும் விழித்திருப்பாள். ஆறாம் மாதத்தில் ஒருநாள் நல்ல மழை. அன்றைக்கு முழுக்க அவள் அசையவே இல்லை. பயந்துபோய், தனியாக உட்கார்ந்து சத்தமாக அழ ஆரம்பித்தேன். அழுகையை நிறுத்து என்கிற மாதிரி ஓங்கி ஒரு உதை விட்டாள்.

"கோவக்காரி" என்றார் நயினார்.

"பயங்கரக் கோவக்காரி" என்றேன்.